ஒன்றரை அடிப் பொய்

அத்தியாயம் 7

பனைமரப் பாலம் போகும்போது பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப் போல ஒரு தரம் புரண்டது, அவ்வளவுதான். வாய்க்கால் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மருதையன் கரையில் நின்று அதைப் பார்த்தான். சற்று முன்புதான் அதன் மேல் நடந்து இந்தப் பக்கம் வந்திருந்தான். அவனுடைய பழைய அம்பாசடர் கார் அக்கரையில் தனியாக நனைந்துகொண்டிருந்தது.

“அம்மா, நம்மளக் கொண்டாந்து விட்ட பாலம் வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிடுச்சு,” என்றான்.

மங்களாம்பிகை குடையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தார். “உனக்கு நீந்தத் தெரியுமா மருதையா?”

“முங்கத் தெரியும்மா. மேல வர்றதுதான் இன்னும் கத்துக்கல.”

அவர் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் நடந்தார். தஞ்சாவூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல காலம் இருந்தவர் அவர். வக்கீல்கள் கேட்க மறந்த கேள்விகளைத் தானே நேரில் போய்க் கேட்க ஆரம்பித்து, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டவர். மருதையன் டாக்சி ஓட்டியவன். ஒரு நாள் அவரைச் சவாரி ஏற்றினான். அதற்குப் பிறகு இறக்கி விடவே இல்லை.

அவர்கள் நின்ற இடம் வெட்டாற்றின் வடகரை. கீழ்வேளூருக்கு மேற்கே, ஆற்றுக்குக் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய பழைய செங்கல் கட்டு ஒன்று இருந்தது. அதை ஊரில் சட்ரஸ் என்பார்கள். அதன் வடக்குக் கோடியில் காவலாளிக்கு ஒரு சின்னக் குடியிருப்பு. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் கூலிக்காரர்களின் தெரு. சட்ரஸின் மேலேயே நடந்து தெற்குக் கோடிக்குப் போனால் அங்கே தென்கரை வடிகால் கதவு. அந்தக் கதவைத் தூக்கினால் ஆற்றின் மிச்சத் தண்ணீர் தென்கரை வயல்களுக்குப் போய்விடும். வடகரை பிழைத்துக்கொள்ளும்.

போன வாரம் அந்தக் கதவைத் தூக்க வேண்டியவர் தூக்கவில்லை. அதுதான் வழக்கு.

காவலாளியின் பெயர் வைரக்கண்ணு. அரசாங்கச் சம்பளத்தில் ஆற்றைக் காக்கிற லஸ்கர். ஆற்று மட்டம் அளவுப் பலகையின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் கதவைத் தூக்க வேண்டும் என்பது உத்தரவு. தண்ணீர் கோட்டைத் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். ஆனால் அதே தண்ணீர் வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் புகுந்தது. காத்தாயி என்ற பெண்ணும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். தென்கரையில் பயிர் வைத்திருந்த மிராசுதார் தியாகேசன் சாராயம் வாங்கிக் கொடுத்து லஸ்கரைப் படுக்க வைத்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. போலீஸ் வைரக்கண்ணுவை உள்ளே வைத்தது. அவருடைய மனைவி தங்கம்மாள் பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்து மங்களாம்பிகையின் வாசலில் நின்றாள்.

“என் வீட்டுக்காரர் காப்பியத் தவிர எதையும் குடிக்க மாட்டாருங்க,” என்றாள். மங்களாம்பிகைக்கு அது போதுமாயிருந்தது.

குடியிருப்பின் உள்ளே தங்கம்மாளைத் தவிர ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள்.

கயிற்றுக் கட்டிலில், மடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். தியாகேசன் அவர்தான். ஆற்றின் நிலவரம் பார்க்க வந்தவர் தெற்குச் சாலையில் மதகு இடிந்துபோனதால் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். சுவரோரம் நின்றவர் இராஜாங்கம். ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். கட்சிக்கரை போட்ட வேட்டி, தோளில் துண்டு, நாற்பது வயது இருக்கும். கூலிக்காரர் தெருவிலேயே பிறந்து, தெருவிலிருந்து முதன்முதலாகத் தாலுக்கா ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்குப் பட்டா வாங்கிக் கொடுக்க அலைந்தவர். தெரு ஜனங்களுக்குக் கொடுக்க என்று மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை நிவாரண அரிசியோடு தெற்கு வழியாக வந்தாராம். மூட்டையோடு பனைமரப் பாலத்தில் ஏறத் தயங்கி நின்றாராம்; இப்போது அதுவும் போய்விட்டது.

“வாங்கம்மா. நல்ல நேரம் பாத்து வந்தீங்க,” என்றார் இராஜாங்கம். “வைரக்கண்ணு எனக்கு அண்ணன் மாதிரி. அவர வெளிய கொண்டாறதுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, நான் செய்யிறேன்.”

தியாகேசன் தொண்டையைச் செருமினார். “இராஜாங்கம்... வந்து, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. செய்தி வருது.”

அந்த ‘நீங்க’ அவர் வாயில் கல் மாதிரி புரண்டதை மருதையன் கவனித்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் அதே வாய் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டிருக்கும்.

டிரான்சிஸ்டர் கரகரத்தது. வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நாகப்பட்டினத்துக்கு அருகே நிலைகொண்டிருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் நாளை வரை பலத்த மழை தொடரும். ஆறுகளில் வெள்ளம் மேலும் உயரக்கூடும். கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

“எச்சரிக்கையாத்தான் இருக்கோம்,” என்றான் மருதையன். “எங்க போயி இருக்கறதுன்னுதான் ரேடியோக்காரர் சொல்லல.”

“பலகையப் பாத்துட்டு வருவோம்,” என்றார் மங்களாம்பிகை.

எல்லோரும் மழையில் சட்ரஸின் மேல் போய் நின்றார்கள். கீழே ஆறு பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. முதல் தூணில் அளவுப் பலகை. எனாமல் பூசிய இரும்புத் தகட்டில் கருப்பு எண்கள், அவற்றுக்கு மேலே சிவப்புக் கோடு. தண்ணீருக்கும் கோட்டுக்கும் நடுவே இன்னும் ஒன்றரை அடி இருந்தது.

தியாகேசன் பெருமூச்சு விட்டார். தங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மருதையனும் ‘அப்பாடா’ என்றான். ஒன்றரை அடி என்பது நீந்தத் தெரியாதவனுக்கு எவ்வளவு பெரிய சொத்து!

இராஜாங்கம் மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. அவர் குடியிருப்பின் அடிச்சுவரை, தண்ணீர் மோதுகிற இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மளமளவென்று போய்க் குடியிருப்பு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சட்ரஸின் நட்டநடுவில், எல்லாவற்றையும் விட மேடான இடத்தில், நிறுத்தினார். அரிசி மூட்டையை அதன் பின்னால் இருந்து அவிழ்த்து, தானே சுமந்துபோய்க் குடியிருப்பின் பரண்மேல் ஏற்றினார்.

“தலைவர் வண்டிக்கும் நீச்சல் தெரியாதும்மா,” என்று மருதையன் மெல்லச் சொன்னான்.

மங்களாம்பிகை தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடையில்தான் அதற்குப் பூச்சு நடந்திருந்தது. தூணின் மேல்பாதி வெள்ளைச் சுண்ணாம்பு, கீழ்ப்பாதி கருப்புத் தார். தாரின் மேல் விளிம்பு தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கோடாகத் தெரிந்தது.

“பெயின்டருக்கு விக்கல் வந்திருக்கும்மா,” என்றான் மருதையன், பேசாமல் இருந்தால் பயம் வரும் என்பதற்காக. “பாருங்க, தூணு வெள்ளையா இருக்கற எடத்துல பலகை ஓரத்துல மட்டும் தாரு அப்பியிருக்கு. வெள்ளைக்கு நடுவுல கருப்பு மீசை.”

மங்களாம்பிகை அவன் தோளை இறுகப் பிடித்தார்.

“இன்னொரு தரம் சொல்லு.”

“மீசைன்னு சொன்னேம்மா. தப்பா?”

“பலகையத் தூண்ல வச்சபடியேதான் தார் அடிச்சிருக்காங்க. அப்பத்தான் ஓரத்துல அப்பும். தூண்ல தார் எங்க முடியுதோ, பலகையிலயும் அங்கதான் முடியணும். இதுல ஒன்றரை அடி மேல முடியுது. தார் கீழ ஒழுகும் மருதையா. மேல ஏறாது.”

மருதையனின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப... பலகைதான் மேல ஏறியிருக்கு.”

“பூச்சு முடிஞ்சப்புறம் யாரோ கழட்டி ஒன்றரை அடி தூக்கி மாட்டியிருக்காங்க. வைரக்கண்ணு பொய் சொல்லல. அவரு பாத்தப்ப கோட்டைத் தண்ணி தொடவே இல்ல. கோடுதான் தண்ணிய விட்டு ஓடிப்போயிருந்துது.”

மருதையன் கீழே பார்த்தான். கோட்டுக்குக் கீழே ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடி பொய் என்றால், தண்ணீர் இப்போதே சிவப்புக் கோட்டைத் தொட்டு நிற்கிறது. சொத்து என்று நினைத்ததெல்லாம் ஒரே நொடியில் ஜப்தி ஆகிவிட்டது.

“கதவைத் தூக்கிடுவோம்மா!”

“கைப்பிடி எங்க?”

கதவைத் தூக்க ஒரு பெரிய இரும்புக் கைப்பிடி வேண்டும். அதைத் தண்டில் மாட்டிச் சுற்றினால்தான் கதவு மேலே ஏறும். குடியிருப்பின் சுவரில் அதற்கென்று ஒரு ஆணி. ஆணி மட்டும் இருந்தது.

“காலையில இருந்துதும்மா,” என்றாள் தங்கம்மாள். “நான் அடுப்புக்கு முள்ளு வெட்டப் பின்பக்கம் போனேன். வந்து பாத்தா இவங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க.”

பலகை விஷயத்தை அவளிடம் மட்டும் மங்களாம்பிகை காதோடு சொன்னார். அவள் வாசலில் அபாயத்துக்கு அடிக்கத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டிடம் ஓடி, சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தாள். வாய்க்காலுக்கு அப்பால், போன வெள்ளத்தில் வீடிழந்து கரைமேல் தார்ப்பாய் கட்டியிருந்த ஜனங்கள் எழுந்து பார்த்தார்கள். ஆடுகளும் பானைகளும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம். தங்கம்மாள் இரண்டு கைகளையும் ஆட்டி, போங்க, போங்க என்று கத்தினாள்.

காற்று அக்கரைக் குரலை இங்கே கொண்டுவந்து போட்டது. “அன்னிக்கு ஒம் புருசன் அடிச்சிருக்கணும்டி அந்த மணிய!”

ஒவ்வொருவராக மறுபடி தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தார்கள். தங்கம்மாள் சுத்தியலைக் கீழே போடவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். யாரும் அசையவில்லை.

மருதையன் மங்களாம்பிகையை ஓரமாகக் கூப்பிட்டான். “இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? தென்கரைப் பயிரு மிராசுதாரோடது. கதவத் தூக்கினா அவருக்குத்தான் நட்டம். கெழவரத் தலைகீழாப் புடிச்சு உலுக்கினா கைப்பிடி விழுந்துடும்.”

“கேட்டுப் பாக்கலாம்.”

கைப்பிடி எங்கே என்ற கேள்வியைத் தியாகேசன் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். டிரான்சிஸ்டரை அணைத்தார். வாசல்வரை போய் இராஜாங்கம் வெளியே நிற்பதை உறுதி செய்துகொண்டு திரும்பி வந்தார்.

“தென்கரையில எனக்கு ஒரு குழி நிலம் கிடையாதும்மா.”

“ஊரே உங்க நிலம்னு சொல்லுது.”

“ஊரு சொல்லும். உச்சவரம்புக்கு மேல இருந்தத சர்க்கார் எடுத்துக்கும்னு ஆனப்ப, அதுக்கு முந்தியே வேற பேர்ல மாத்திட்டேன். பினாமிதான். எனக்கே திரும்பி வரும்னு நெனச்சு மாத்தினேன். மாத்திக்கிட்டவன் திருப்பித் தரமாட்டேன்னுட்டான். யார்கிட்ட போயி முறையிடறது? சட்டத்த ஏமாத்தினேன், என்னை இன்னொருத்தன் ஏமாத்திட்டான்னா?” அவர் குரல் தாழ்ந்தது. “அந்தக் குழந்தைங்க செத்ததுக்கு என்னைத்தான் சொல்றாங்க. சொல்லட்டும்னு வாய மூடிட்டு இருந்தேன். மானம் போயிடும்னு.”

“யார் அந்த ஆள்?”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பயந்த மனிதனின் கண்கள் வாசலை நோக்கிப் போயின.

அந்த நேரத்தில்தான் தங்கம்மாள் உள்ளே வந்தாள். வந்தவள் மூலையைக் கை காட்டினாள்.

“அம்மா, அடுப்படியப் பாருங்க.”

அடுப்பின் பக்கத்தில் தரைச் செங்கல்லுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒரு செம்பு வாயளவுக்கு இருக்கும். தெளிந்த தண்ணீராக இருந்தால் வெறும் கசிவு. இது காப்பி மாதிரி கலங்கி, மணலைக் கக்கிக்கொண்டு வந்தது. காலடியில் கரையை ஆறு அறுக்க ஆரம்பித்துவிட்டது என்று மருதையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்தக் கரை போனால் குடியிருப்பு போகும். அதைத் தாங்கி நிற்கும் பழைய செங்கல் கட்டும் நிற்காது. ஆறு முழுசாக வாய்க்காலில் இறங்கி, தார்ப்பாய் கட்டிய கரையைத் துடைத்துக்கொண்டு போகும். முன்னால் ஆறு, பின்னால் வாய்க்கால், தெற்கே இடிந்த மதகு. ஓட ஒரு திசைகூட இல்லை. அவனுக்கு இப்போது ஒரு நக்கல்கூட வரவில்லை.

மங்களாம்பிகை அவன் காதருகே குனிந்தார். “கைப்பிடிய எங்க ஒளிச்சேன்னு கேட்டா அவன் சொல்லமாட்டான். அவனாவே எடுக்கணும். நான் என்ன சொன்னாலும் நீ ஆமாம் போடு.”

“அவன்னா யாரும்மா?”

அவர் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “தலைவரே! உள்ள வாங்க. ஏன் நனையறீங்க?”

இராஜாங்கம் உள்ளே வந்தார். ஊற்றைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

“தங்கம்மா, அடுப்ப அந்தப் பக்கம் தள்ளி வச்சுக் காப்பி போடு,” என்றார் மங்களாம்பிகை நிதானமாக.

“அம்மா, மண்ண அறுக்குதும்மா,” என்றாள் தங்கம்மாள்.

“அறுக்காது. பலகையில இன்னும் ஒன்றரை அடி பாக்கி இருக்கு. எல்லாரும் கண்ணால பாத்தோம். இல்ல மருதையா?”

“ஆமாம்மா,” என்றான் மருதையன். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. “ஒரு தூக்கம் போட்டுட்டே எந்திரிக்கலாம்.”

இராஜாங்கத்தின் நெற்றியில் வேர்வை. மழைத் தண்ணீரிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. “ஏம்மா, பலகை கெடக்கட்டும். கதவத் தூக்கிடறது நல்லதும்மா.”

“அதெப்படித் தலைவரே? கோட்டைத் தொடாமக் கதவைத் தூக்கினா குத்தம். தென்கரைச் சம்பா கதிர் வெளிய வர்ற நேரம், தொண்டைக் கதிர்ல நிக்குது. பயிருக்காரர் கேஸ் போட்டா யாரு கோர்ட்டுக்கு அலையறது?”

“யாரும் கேஸ் போட மாட்டாங்க!”

“போட்டா?”

“போட மாட்டாங்கன்னா போட மாட்டாங்கம்மா!”

ஊற்று குமிழியிட்டது. தியாகேசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைப் பார்த்ததும் மருதையனுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. பலகையை நம்பி மூன்று பேர் பெருமூச்சு விட்டார்கள். நம்பாமல் வண்டியை மேடேற்றியவர் ஒருவர்தான். பலகை பொய் சொல்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அதைப் பார்த்து நிம்மதி வராது.

“பயிருக்காரர் மனசு உங்களுக்கு எப்படித் தெரியும் தலைவரே?” என்றார் மங்களாம்பிகை.

இராஜாங்கம் வாயைத் திறந்தார். அடுப்படியில் ஒரு செங்கல் ‘சளக்’ என்று உள்ளே இறங்கியது. பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. தங்கம்மாள் அலறினாள். மங்களாம்பிகை கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆனால் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்ததை மருதையன் பார்த்தான். அவனுக்கு ஓடிப்போய் இராஜாங்கத்தின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆமாம் போடு என்றிருக்கிறாரே! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

இராஜாங்கம் பாய்ந்தார். பரண்மேல் கை நீட்டி, தன் அரிசி மூட்டையை இழுத்துத் தள்ளினார். மூட்டை தரையில் விழுந்து பிளந்தது. நிவாரண அரிசி சேற்றுத் தண்ணீரில் வெள்ளையாகப் பரவியது. அதன் நடுவிலிருந்து அந்த இரும்புக் கைப்பிடி கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க! வாங்கன்னா!” என்று கத்தினார். “நின்னு பாத்துக்கிட்டு இருந்தா எல்லாரும் சாவோம்!”

ஐந்து பேரும் சட்ரஸின் மேல் ஓடினார்கள். மழை முகத்தில் அறைந்தது. தென்கோடியில் கைப்பிடியைத் தண்டில் மாட்டிய பிறகுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. துருப்பிடித்த பல்சக்கரம். ஒரு பக்கம் இருவர், மறுபக்கம் இருவர் பிடித்துத் தொங்கினால்தான் அசையும். மருதையனும் தங்கம்மாளும் ஒரு பக்கம். தியாகேசன் தன் மெலிந்த கைகளால் மறுபக்கம் பிடித்தார். அவரோடு சேர்ந்து பிடிக்க இன்னொரு பலமான ஆள் வேண்டும்.

இராஜாங்கம் இரண்டடி தள்ளி நின்றார். அவர் பார்வை தெற்கே போயிருந்தது. அங்கே மழைக்குள் பச்சைப்பசேலென்று சம்பாப் பயிர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

“எங்கப்பன் அந்த வயல்லதாம்மா வேலை பாத்தாரு,” என்றார், யாரையும் பார்க்காமல். “அந்த வரப்புல கட்டிவச்சு அடிச்சாங்க, ஒரு கலயம் கஞ்சி அதிகமாக் கேட்டதுக்கு. அந்த வயலு எனக்கு வேணும்மா. வேற எந்த வயலும் வேண்டாம். அதே வயலு. அவரு எம் பேர்ல மாத்தினதத் திருப்பித் தரல. சட்ரஸ் பூச்சு வேலைய எடுத்தது நாந்தான். வேலை முடிஞ்சப்புறம் ஒரு நாள் வந்து பலகையத் தூக்கி மாட்டினேன். கரை தாங்கும்னு நெனச்சேன். சத்தியமா தாங்கும்னு நெனச்சேன்.”

தியாகேசன் கைப்பிடியை விடாமல் கண்களை மூடிக்கொண்டார்.

“தாங்கலேல்ல?” என்றாள் தங்கம்மாள். அவ்வளவு நேரத்தில் அவள் அவரைப் பார்த்துப் பேசிய ஒரே வார்த்தை அது. “வந்து புடி.”

‘தலைவரே’ இல்லை, ‘ங்க’ இல்லை. இராஜாங்கம் வந்து பிடித்தார்.

முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் சக்கரம் முனகியது. மருதையனின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு, காலுக்கடியில் எங்கோ ஆழத்தில், ஏதோ ஒன்று வாயைத் திறந்ததை அவர்கள் எல்லோரும் பாதத்தில் உணர்ந்தார்கள். கதவின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு தென்கரை வாய்க்காலில் பாய்ந்தது. வாய்க்கால் நிரம்பியது. வரப்புகள் மறைந்தன. முதல் வயலின் பச்சை சாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

மங்களாம்பிகை முதல் தூணருகே மண்டியிட்டு, குடையின் கைப்பிடியைத் தண்ணீர் விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுப் பலகையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“எறங்குது!” என்று கத்தினார். “மருதையா, எறங்குது! விடாதீங்க, சுத்துங்க!”

அக்கரையில் தார்ப்பாய்களிலிருந்து ஜனங்கள் எழுந்து வந்தார்கள். தண்ணீர் தெற்கே திரும்புவதைப் பார்த்தார்கள். கதவை யார் சுற்றுகிறார்கள் என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். கரை வேட்டியும் தோள் துண்டும் அவ்வளவு தூரத்திலும் தெரிந்தன.

“தலைவரு! நம்ம தலைவரு!”

ஒரு குரல் பல குரலானது. ஆண்கள் துண்டைச் சுழற்றினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள். “நல்லா இருப்பே ராசா! ஒங் குடும்பம் தழைக்கும்!” என்று காற்றோடு வந்தது. அது காத்தாயியின் அம்மா அம்சத்தின் குரல் என்று தங்கம்மாளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பி இராஜாங்கத்தைப் பார்த்தாள்.

இராஜாங்கத்தின் கைகள் கைப்பிடியில் நின்றுவிட்டன. வாய் கோணியது. இந்த மனிதன் அழப்போகிறான் என்று மருதையன் நினைத்தான். அழவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

“அம்மா,” என்றார், அதற்குள் எழுந்து அவர்களிடம் வந்திருந்த மங்களாம்பிகையிடம். “போலீஸ்கிட்ட சொல்லுங்க. ஜெயிலுக்குப் போறேன். தூக்குல வேணும்னாலும் போடட்டும். அவங்க... அவங்க சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கம்மா.”

மங்களாம்பிகை நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னால முடியாது இராஜாங்கம்,” என்றார். “கதவு பாதிதான் ஏறியிருக்கு. நின்னுடாதீங்க, சுத்துங்க.”

அவர் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் தெற்கே ஒரு வயல் முங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அக்கரை அவரை வாழ்த்தியது.